கடைசி வரியில் தவறு இல்லை

"மூணு வாரமா உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியமா? இதுக்காம்மா உன்னை வேலைக்கு எடுத்தோம்?"

மேனேஜர் போட்ட சத்தம் மெஷின் இரைச்சலைத் தாண்டிக் கேட்டுச்சு. திட்டு வாங்கினது அந்தப் புரோகிராமர் பொண்ணு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. நான் அப்பவே சொன்னேன்ல!

எங்களுது ஸ்வெட்டர் பின்னுற கம்பெனி. என்ன பின்னணும்னு மெஷினுக்கு வரிவரியா எழுதிக் கொடுக்கணும். உடம்புப் பகுதியை நாங்க நாலு பேர் மாத்தி மாத்தி எழுதுவோம். கைப்பகுதிக்கு ரெண்டு பேர். கடைசியில வர்ற விளிம்பை எழுதுறது மட்டும் ஒரே ஆள். விளிம்பு அக்கா.

ஒரே மாதிரி பின்னலை நூறு தடவை எழுத முடியுமா? அதனால 'திரும்ப'ன்னு ஆரம்பிச்சு, வேலை முடிஞ்ச இடத்துல 'போதும்'னு எழுதிடுவோம்.

கம்ப்யூட்டர் எல்லாத்தையும் படிச்சுப் பார்க்கும். சரியா இருந்தா மெஷின் ஓடும். இல்லைன்னா சிவப்புல ஒரு அறிவிப்பு. "பிழை. வரி 212." அவ்வளவுதான். நாங்களும் தலையில அடிச்சுக்கிட்டு, மொத்தத்தையும் ஓரங்கட்டிட்டு முதல்லேருந்து எழுதுவோம்.

போன மாசம் அப்படிப் பதினோரு தடவை. பதினொண்ணும் கடைசி வரி. கடைசி வரி யாரோடது? அக்காவோடது. 'பிழை அக்கா'ன்னு அவங்களுக்குப் பேர் வச்சதே நான்தான். என் வாய் சும்மா இருக்காது.

அக்கா கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்ப்பாங்க.

"என் வரி சரியாத்தாம்பா இருக்கு."

"அப்போ கம்ப்யூட்டர் பொய் சொல்லுதாக்கா?"ன்னு கேட்பேன். எல்லாரும் சிரிப்பாங்க. அக்காவுக்குக் கண்ணு கலங்கிடும். வீட்டுல அவங்க ஒருத்தர் வருமானம்தான்.

பன்னிரண்டாவது பிழை வந்தா அக்காவை அனுப்பிடறதுன்னு மேனேஜர் முடிவே பண்ணிட்டார். அதுக்குள்ள அந்த அறிவிப்பைக் கொஞ்சம் புரியற மாதிரி மாத்தச் சொல்லித்தான் இந்தப் பொண்ணுகிட்ட வேலையைக் கொடுத்தாங்க. ரெண்டு நாள் வேலைன்னு நினைச்சோம். பொண்ணு என்னடான்னா அக்கா பக்கத்துல ஒரு நாள், எங்க பக்கத்துல ஒரு நாள்னு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துச்சு. அதுக்கும் ஒரு பேர் வச்சேன். ஆமை.

முதல் வாரமே அதோட அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"எதுக்கும்மா இவ்வளவு யோசனை? தப்பு பண்ணினது யாருன்னு பேரைப் பெருசா சிவப்புல போட்டு விடு. நாலு பேர் பார்த்தாத்தான் புத்தி வரும்."

"பார்க்கலாம்ணா. அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்களேன், ஏசி ஓடுது."

"போகும்போது சாத்திக்கறேம்மா"ன்னேன். போகும்போது மறந்துட்டேன். எனக்கு ஆயிரம் வேலை.

இன்னைக்கு மேனேஜர் கத்தி முடிக்கிற வரைக்கும் பொறுமையா நின்னுட்டு, அந்தப் பொண்ணு சொல்லுச்சு.

"பழைய பதினொண்ணையும் மறுபடி போட்டுப் பார்த்துடலாமா சார்? அக்காவும் இருக்கட்டும்."

அக்கா கைப்பையோட வந்தாங்க. அனுப்பத்தான் கூப்பிடறாங்கன்னு நினைச்சிருக்காங்க, பாவம்.

முதல் டிசைனைப் போட்டதும் திரையில வந்துச்சு:

"9-ஆம் வரியில் 'திரும்ப' தொடங்குகிறது. அதற்கான 'போதும்' எங்கும் இல்லை. உடம்புப் பகுதி முடியும் 90-ஆம் வரிக்குள் அதைச் சேர்த்துப் பாருங்கள். அவசரத்தில் யாருக்கும் விட்டுப்போகக் கூடியதுதான். கடைசி வரியில் தவறு இல்லை."

மேனேஜர் மூக்குக்கண்ணாடியை நெத்திக்கு ஏத்தினார். "அப்போ இத்தனை நாளா 212-னு காட்டுச்சே?"

"'போதும்' வரும் வரும்னு கடைசி வரைக்கும் தேடிக்கிட்டே போகும் சார். கிடைக்கலைன்னதும் நின்ன இடத்தையே பிழைன்னு சொல்லிடும். தொலைஞ்சது ஒரு இடம், தேடிக் களைச்சது ஒரு இடம். பழி மட்டும் அக்கா மேல."

ரெண்டாவது, மூணாவதுன்னு பதினொண்ணையும் போட்டாச்சு. எல்லாமே உடம்புப் பகுதி. ஒண்ணுகூட விளிம்பு இல்லை.

அக்கா திரைகிட்ட போய் எழுத்துக் கூட்டுற மாதிரி படிச்சாங்க. "கடைசி வரியில் தவறு இல்லை." இன்னொரு தடவை படிச்சாங்க. அப்புறம்தான் கைப்பையைக் கீழே வச்சாங்க.

"மன்னிச்சுக்கங்கம்மா"ன்னார் மேனேஜர். அந்த மனுஷன் வாயில இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

அந்தப் பொண்ணுகிட்ட, "ஒரு வாக்கியம்னு சொல்லிட்டேனேம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு நகர்ந்துட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, எனக்கே சிலிர்த்துப்போச்சு. ஆமையாவது ஒண்ணாவது! மனசு தாங்காம நேரா அதோட அறைக்குப் போனேன்.

"கலக்கிட்டேம்மா! ஒரே ஒரு குறைதான். நான் சொன்ன மாதிரி பேரையும் போட்டிருந்தா, அக்காவை இவ்வளவு நாள் அழவிட்ட அந்தப் புண்ணியவான் யாருன்னு இன்னைக்கே நாலு பேர் முன்னாடி கிழிச்சிருக்கலாம்."

அந்தப் பொண்ணு எழுந்து வந்துச்சு. நான் திறந்தபடியே விட்டுட்டு வந்த கதவை மெதுவாச் சாத்துச்சு. குரலையும் தாழ்த்திக்கிச்சு.

"நீங்க சொன்ன மாதிரியே முதல்ல பேரைப் போட்டுப் பார்த்தேண்ணா. அப்புறம்தான் எடுத்துட்டேன். பதினோரு தடவையும் உங்க பேர்தான் வந்துச்சு."