நாற்பத்தொன்றாம் தொட்டி

நாற்பத்தொன்றாம் தொட்டி ஒழுகுகிறது என்ற செய்தி வந்ததும் எங்கள் ஊர் கேக் வெட்டியது.

கேக்கின் மேல் நீல கிரீமில் 41 என்று எழுதி, அதற்குக் கீழே என் பெயரையும் எழுதியிருந்தார்கள். வெர்லின். இந்த ஊர் எனக்குச் செய்த முதல் மரியாதை அதுதான்.

உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கம் நிரம்பி வழிந்தது. சுவரில் பள்ளி அணியின் சின்னமான அணுகுண்டுக் காளான் மேகம். அதன் அடியில் நின்று, வாஷிங்டனிலிருந்து வந்த அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தாத்தாக்கள் இங்கே அணுகுண்டுக்கு மருந்து காய்ச்சினார்கள். மிஞ்சிய கழிவை நிலத்தடித் தொட்டிகளில் ஊற்றி மூடினார்கள். முப்பது வருடமாக நாங்கள் அதைச் சுத்தம் செய்கிறோம். அழுக்காக்கியதற்கும் அரசாங்கம்தான் சம்பளம் கொடுத்தது, துடைப்பதற்கும் அதுதான் கொடுக்கிறது. இப்படி ஒரு முதலாளி யாருக்குக் கிடைப்பான்?

வசந்தத்தில் ஒரு வதந்தி கிளம்பியது. வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டதாம், நிதியைப் பாதியாக வெட்டப்போகிறார்களாம்.

ஊரில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டுக் கடைக்காரன் ஓடெல் ஆப்பிள் பை சுடுவதையே நிறுத்திவிட்டான். என் தெருவில் மட்டும் நான்கு வீடுகளின் முன்னால் விற்பனைப் பலகை. வேலை போகிறவர்கள் பட்டியலில் முதலிடம் தொட்டிகளை அளப்பவர்களுக்கு. அதாவது எனக்கு.

அந்த வாரம்தான் நான் அறிக்கை கொடுத்தேன். நாற்பத்தொன்றில் கழிவின் மட்டம் ஒரு அங்குலம் குறைந்திருக்கிறது.

அதிகாரி தாளைப் பார்த்து வாசித்தார். துப்புரவு 2031இல் முடியாது. புதிய இலக்கு 2074. நிதி தொடரும்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. குப்பை அள்ள இன்னும் நாற்பத்து மூன்று வருடம் கூடுதலாக ஆகும் என்று வேறு ஊரில் போய்ச் சொல்லியிருந்தால் அந்த ஆளை அடித்து விரட்டியிருப்பார்கள்.

"டேய் வெர்லின், இனிமே என் கடையில நீ காசை எடுத்தே, கையை உடைச்சிருவேன்! உன் பேரன் வரைக்கும் ஆப்பிள் பை ஓசிடா!" என்று ஓடெல் கத்தினான்.

என் மனைவி டெல்ஃபீன் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். வீடு தப்பித்ததே என்ற அழுகை. வீட்டைவிட அவளுக்கு அதன் கிணற்றின் மேல்தான் உயிர். கடையில் விற்கும் தண்ணீரை அவள் வாயில் வைக்க மாட்டாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அறிக்கை எழுதிய அன்று நான் அளவு நாடாவைத் தொட்டிக்குள் இறக்கவே இல்லை. வண்டியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அந்த ஒரு அங்குலத்தை எழுதினேன்.

நாற்பத்தொன்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இருப்பதிலேயே உறுதியான தொட்டி அது. இரட்டைச் சுவர், ஒழுகவே ஒழுகாது. யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். தொள்ளாயிரம் குடும்பம் பிழைத்துப் போகட்டுமே.

வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அதிகாரி கையைத் தூக்கிக் கூட்டத்தை அடக்கினார். "இருங்க, இன்னும் முடிக்கல. வெர்லின் அறிக்கையை வெச்சு நாங்க மறுபடி அளந்தோம். மனுஷன் ரொம்பக் குறைச்சுச் சொல்லிட்டார். ஒரு அங்குலம் இல்ல, பத்தொன்பது. பதினோரு வருஷமா ஒழுகிட்டிருக்கு."

பதினோரு வருடமாக நாற்பத்தொன்றை அளப்பவன் நான்தான். மாதாமாதம் போன மாதத்து எண்ணைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவேன். இரட்டைச் சுவர்தானே.

கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. யாரோ விசிலடித்தார்கள். பத்தொன்பது அங்குலம் என்றால் 2074கூடப் போதாதே என்று அதற்குள் புரிந்துகொண்டுவிட்டார்கள்.

திரையில் வரைபடம் வந்தது. தொட்டியிலிருந்து ஒரு சிவப்புக் கறை நிலத்தடி நீரோடு கிளம்பி, வேலியைத் தாண்டி, நெடுஞ்சாலையைத் தாண்டி, கால்வாய் வளைவுக்குப் பக்கத்தில் ஒரு தெருவின் மேல் போய்ப் படுத்திருந்தது. தெருவின் பெயரைப் போடவில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்கு உரிய காலத்தில் கடிதம் வரும் என்றார் அதிகாரி.

எனக்குக் கடிதம் தேவைப்படவில்லை. கால்வாய் வளைவில் இருப்பது ஒரே தெரு. அங்கேதான் நான்கு விற்பனைப் பலகைகள் நிற்கின்றன.

"வெர்லின் பேசணும்! வெர்லின் பேசணும்!" பலகை இருக்கைகளை எல்லோரும் காலால் உதைத்தார்கள்.

எழுந்தேன். இவ்வளவு நேரமும் திரையைப் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த டெல்ஃபீன், கைப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"இந்தா, ஒரு வாய் குடிச்சிட்டுப் போய்ப் பேசு. நம்ம கிணத்துத் தண்ணிதான்."

தொள்ளாயிரம் குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது. குடித்தேன். பாட்டிலை அவளிடமே கொடுத்துவிட்டு மேடை ஏறினேன்.

மீதித் தண்ணீரை அவள் குடித்து முடிக்கும்வரை, மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் ஊருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.