தொண்ணூறு பொட்டலம்

உறையைப் பிரிக்க டாக்டர் கத்தரிக்கோலைத் தேடினார்.

இழுப்பறை, கோட்டுப் பை, கோப்புகளுக்கு அடி எல்லாம் தேடியாயிற்று. வாங்கி நானே கிழித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

என் வீட்டுக்காரர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டுகிறவர். எட்டு மாதம் ஸ்டியரிங்கைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவர். என் தங்கை அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பட்டப்பெயரே வைத்திருந்தாள். அவர்தான் இன்று வாசலில் காவலாளியோடு கால் மணி நேரம் அரட்டை அடித்துவிட்டு வந்தார்.

குடலில் நல்ல கிருமிகள் பெருகினால் மனச்சோர்வு குறையுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. தினம் காலையில் ஒரு பொட்டலம், தண்ணீரில் கலக்கி. பாதிப் பேருக்கு நிஜமான கிருமிப் பொடி, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது; அந்த உறையைப் பிரித்தால்தான் தெரியும்.

மாவு என்று வரட்டும் கடவுளே, என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

எந்தப் பெண்டாட்டியாவது இப்படி வேண்டுவாளா? நான் வேண்டினேன். மாவு என்றால் எனக்கு இன்னும் ஒரு வழி மிச்சமிருக்கிறது.

கத்தரிக்கோல் கிடைத்தது. டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தார்.

“நிஜப் பொடிதாம்மா! வயித்தச் சரி பண்ணினா மனசு தானா வழிக்கு வந்துடுது, பாத்தீங்களா?”

“எல்லாம் இவ கையால கலக்கிக் குடுத்ததுதான் டாக்டர்” என்று வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.



தொண்ணூறு பொட்டலத்தையும் கலக்கியது நான்தான். குடித்ததும் நான்தான்.

அவருக்குக் கொடுத்தது சமையலறை டப்பாவில் இருந்த சோள மாவு.

திருட்டுத்தான், இல்லை என்று சொல்லவில்லை. அவர் படுத்துவிட்டார், எனக்குப் படுக்க நேரமில்லை. சலவைக் கடையில் யார் யாருடைய சட்டைக்கோ இஸ்திரி போட்டுக்கொண்டே காரணம் தெரியாமல் அழுவேன். ஆவி பட்டுக் கண் கலங்குகிறது என்று முதலாளி நினைத்துக்கொள்வார். ஆராய்ச்சிப் படிவத்தில் நோயாளிக்கு ஓர் இடம், கூட இருப்பவருக்கு ஓர் இடம். இரண்டிலும் என் பெயரையே எழுத முடியுமா?

மூன்று மாதமாக நல்ல கிருமிகள் என் வயிற்றில் குடித்தனம் நடத்துகின்றன. அழுகை மட்டும் காலி பண்ணவில்லை.

அப்படியானால் அவர் எதனால் தேறினார்? சோள மாவாலா? படிவத்தை நிரப்புவதற்காகத் தினமும் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து, ‘தூங்கினீங்களா, இன்னிக்கு மனசு எப்படி இருக்கு?’ என்று கேட்டேனே, அதனாலா? ஒன்றும் புரியவில்லை. யாரிடம் கேட்பது?

டாக்டர் அடுத்த மூன்று மாதத்துக்கான பெட்டியை என் மடியில் வைத்தார்.

“இதுவரைக்கும் எப்படிக் குடுத்தீங்களோ அப்படியே குடுங்க. எதையும் மாத்திடாதீங்க.”

சரி என்று தலையாட்டினேன்.