அடுத்த பந்து

மயிலாப்பூர் டேபிள் டென்னிஸ் கிளப்புக்குப் புதிதாக வந்த கோச் மகேஷுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு பந்து அடிச்சதும் ஏம்மா ஒதுங்கறே? திரும்பி வருதில்ல? பந்துன்னா பயமா?"

பன்னிரண்டு வயது ஜுவேரியா அடுத்த பந்தையும் பிரமாதமாக அடித்தாள், உடனே விலகினாள். திரும்பி வந்த பந்து காலி இடத்தில் விழுந்து உருண்டது.

"இப்படி ஆடினா ஞாயித்துக்கிழமை முதல் ரவுண்டே தாண்ட மாட்டா" என்றார், பெஞ்சில் இருந்த அவள் அப்பாவிடம்.

"நாலு வருஷமா அக்காவோட டபுள்ஸ்தான் சார் ஆடினா. ஒருத்தி அடிச்சதும் அடுத்தவளுக்கு வழி விடணுமே, அந்தப் பழக்கம்" என்றார் அப்துல் கரீம்.

"அப்ப டபுள்ஸே ஆடட்டும். அக்கா எங்கே?"

"போன மாசம் அடக்கம் பண்ணினோம் சார்."

மேஜையருகே ஜுவேரியா இன்னொரு பந்தை அடித்துவிட்டு, அக்காவுக்கு வழி விட்டாள்.