லிண்டா கேட்ட நீளம்

ஜெர்மனியில் இருந்து விடுமுறைக்குக் காரிலேயே கிரேக்கம் வந்திருந்த கிருஷாந்த், அன்றைக்கே தீவுக்குக் காரையும் ஏற்றிக்கொண்டு போவதற்காகக் கப்பல் கம்பனிக்குப் போன் எடுத்தான். லிண்டா என்றொருத்தி ஆங்கிலத்தில் பேசினாள்.

"உங்கள் காரின் நீளம் எவ்வளவு சேர்?"

கிருஷாந்த் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவி சோபனாவிடம் திரும்பினான்.

"நீளத்துக்குத்தான் காசாம். வெள்ளைக்காரி எங்களை மொட்டையடிக்கப் பாக்கிறாள். குறைச்சுச் சொல்லுவம்."

"பின்னால சைக்கிள் கொழுவியிருக்கெல்லே?"

"அது அவளுக்கு எப்பிடித் தெரியும்? லேசாப் பேய்க்காட்டலாம்."

பிறகு ஆங்கிலத்தில், "நாலு மீற்றர்" என்றான்.



"அண்ணா, குறைச்சுச் சொல்லாதேங்கோ" என்றாள் லிண்டா, தமிழில். "ஏத்தேக்க அளந்து பாத்து, தண்டமும் சேத்து வாங்குவினம். சைக்கிளைக் கழட்டி உருட்டிக்கொண்டு ஏறுங்கோ. அதுக்குக் காசில்லை. காருக்கும் குறையும்."

கிருஷாந்த், "நீங்கள் எங்க இருந்து கதைக்கிறீங்கள்?" என்று கேட்டான்.

"திருகோணமலை. கம்பனிக்கு வாற போனெல்லாம் இஞ்சதான் எடுக்கிறம். துறைமுகத்துக்குக் கிட்டத்தான் எங்கட ஒஃபிஸ். வீடு அன்புவழிபுரம். சொந்தப் பேர் லோஜினி. லிண்டா, வேலைக்கு வைச்ச பேர்."

சோபனா போனைப் பறித்தாள்.

"அன்புவழிபுரமோ? நீங்கள் ஆரின்ர மகள், தங்கச்சி?"

லோஜினி தகப்பனின் பெயரைச் சொன்னாள். சோபனா தன் மாமியின் பெயரைச் சொன்னாள். பேச்சு இரண்டு கலியாண வீடுகளைத் தாண்டி ஒரு காணித் தகராறுக்குள் நுழைந்தபோது லோஜினி மெல்லக் குறுக்கிட்டாள்.

"அக்கா, மிச்சத்தைப் பிறகு கதைப்பம். கப்பல் வெளிக்கிடப் போகுது. அண்ணா இன்னும் சரியான நீளம் சொல்லேல்லை."