வீட்டில் இருவர்

“எதை வேணும்னாலும் எடுத்துட்டுப் போ, வால்ட். கடையில என் போன் நம்பரை மட்டும் போடாத.”

“உன் நம்பரும் வேணாம், உன் தள்ளுபடியும் வேணாம், மகாராணி. சந்தோஷமா?”

பதினெட்டு மாதங்களுக்கு முன்பு, நியூ பிரிட்டனில் எங்கள் வீட்டு வாசலில், நானும் என் கணவனும் கடைசியாகப் பேசியது இவ்வளவுதான்.

இன்று காலை அந்த மளிகைக் கடையிலிருந்து, நான் கேட்டிருந்த என் கோப்பு வந்தது. மாநிலச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். கடை நம்மைப் பற்றிச் சேர்த்து வைத்ததை மட்டுமல்ல, அதை வைத்து ஊகித்ததையும் கேட்டு வாங்கலாம்.

‘உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு உயிர்’ என்று முதல் வரி. இதை அனுப்புவதற்கே என் பிறந்த தேதி, ஓட்டுநர் உரிமம், முகத்தின் படம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள்.

நூற்றுப் பதினாறு பக்கம். எனக்கு மூட்டுவலி என்று என் அக்காவுக்கே தெரியாது. கடைக்குத் தெரிந்திருக்கிறது. தலைச்சாயத்தின் நிற எண் உட்பட.

கடைசிப் பக்கத்தில் ஊகம்: ‘வீட்டில் இருவர். இணக்கமான தம்பதி.’

வாய்விட்டுச் சிரித்தேன். இத்தனை வேவு பார்த்தும் இதுதான் லட்சணம்.

தவறைத் திருத்தச் சொல்லவும் சட்டத்தில் இடமுண்டு. எங்கே பிசகினார்கள் என்று என் நம்பரில் வாங்கியவற்றின் பட்டியலைப் புரட்டினேன்.

வியாழக்கிழமைதோறும் ஒரு பாட்டில், காடியில் ஊறிய ஹெர்ரிங் மீன்.

அந்த நாற்றத்தை நான் வீட்டுக்குள் விட்டதே இல்லை. எங்கள் பாதிச் சண்டை அதற்காகத்தான்.

திருட்டுப் பயல். எழுபது சென்ட் தள்ளுபடிக்காக இன்னும் என் நம்பரைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

திட்ட வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு போனை எடுத்தேன். மணி அடிக்கும்போதுதான் மீனுக்குப் பக்கத்தில் கிளையின் பெயரைப் பார்த்தேன்.

வால்ட் இருப்பது ஸ்பிரிங்ஃபீல்டில், அவன் அண்ணன் வீட்டில். காரில் முக்கால் மணி நேரம். அங்கேயும் இதே கடை உண்டு.

மீன் வாங்கியது எங்கள் தெருமுனைக் கிளையில். எழுபத்தெட்டு வியாழக்கிழமைகள்.

“பெர்னி?” போனில் வால்ட் என்னைக் கூப்பிட்டான்.

வரிசைப்படுத்திய எதுவும் வாயில் வரவில்லை.

“நம்ம வீட்ல ரெண்டு பேருன்னு கடைக்காரன் எழுதி வெச்சிருக்கான், வால்ட்.”

“தப்புன்னு சொல்லித் திருத்திடு. அதான் சட்டம் இருக்கே.”

“அதுக்குப் பதினாலு கட்டம் நிரப்பணும். என்னால ஆகாது.” மூச்சை இழுத்துக்கொண்டேன். “நீ வீட்டுக்கு வந்துடேன். மீனையும் எடுத்துட்டு வா.”