காரணம் என்ற கட்டம்

சாலையோரம் காய்ந்து செத்த முப்பத்தேழு மரங்களுக்கும், வெட்டுவதற்காகச் சிவப்பு பெயிண்டில் எண் போட்டேன். பதிவேட்டில் காரணம் எழுதப்போனபோது மேலதிகாரி தடுத்தார்.

"நோய்னு எழுதுய்யா."

"மழை பேஞ்சு மூணு வருஷமாச்சு சார். வெயிலும் வருஷத்துக்கு வருஷம் ஏறுது. லாரித் தண்ணி கேட்டு நாலு தடவ எழுதிக் குடுத்தேன், தூக்கிக் குப்பைல போட்டீங்க."

"வாய மூடிட்டு எழுது."

எழுதினேன். முப்பத்தேழு வரியிலும் 'நோய்'.

மறுநாள் அவருடைய மர மேசையில் சிவப்பாக 38 என்று இருந்தது. என் கையெழுத்துதான், நான் போடவில்லை. மேசையில் அவர் வைத்த தம்ளர் தண்ணீர், எடுத்துக் குடிப்பதற்குள் வற்றியது. மறுபடி ஊற்றினார், வற்றியது. மதியத்துக்குள் கேன் காலி. அவர் உதடு பட்டை பட்டையாக உரிந்தது.

"தண்ணி கொண்டாய்யா..."

பதிவேட்டைத் திறந்து 38-க்கு நேரே, அவர் சொல்லிக்கொடுத்தபடியே, 'நோய்' என்று எழுதினேன்.