வளைவில் நின்ற மரம்

"பேசின விலை கட்டுப்படி ஆகாதும்மா. கால் பங்கு குறைச்சுக்குங்க. இல்லேன்னா சொல்லுங்க, கட்டைய எல்லாம் இங்கயே இறக்கிப் போட்டுட்டு நான் வந்த வழியே போறேன்" என்றார் மர வியாபாரி.

பாதை வளைவில் நின்ற ஒன்றைத் தவிர மரங்களை எல்லாம் வெட்டி, லாரியில் ஏற்றி, கயிறும் கட்டியாகிவிட்டது. அந்த நேரமாகப் பார்த்து விலைப் பேச்சை மறுபடி எடுப்பது அவருடைய பழைய வித்தை. வெட்டிப் போட்ட மரம் காயக் காய எடை குறையும். வேறு ஆள் தேட இவர்களுக்கு ஏது நேரம்?

வாய்க்காலோரத் தரிசில் மலைவேம்பு வைத்து, எட்டு வருஷம் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தவர்கள் அந்த மகளிர் சங்கத்துப் பெண்கள். இந்தப் பணத்தில் கடைத்தெருவில் சொந்தமாகத் தையல் கடை. ஆளுக்கொரு மெஷின். யாரிடமோ கூலிக்குத் தைத்து இடுப்பு ஒடிந்தது போதும் என்று முடிவு செய்திருந்தார்கள். இன்று சாயங்காலத்துக்குள் முழுப் பணமும் கட்டாவிட்டால் கடை வேறொருவருக்குப் போய்விடும். காலையில் டீ கொடுத்தபோது அவர்களே வெள்ளந்தியாக வியாபாரியிடம் இதைச் சொல்லியிருந்தார்கள்.

பெரியக்கா என்று எல்லோரும் கூப்பிடும் சங்கத் தலைவி வாதாடிப் பார்த்தாள். உள்ளே பொத்தல், சுற்றளவு போதாது என்று அவர் ஆயிரம் நொட்டை சொன்னார். அவள் மற்ற பெண்களைக் கூட்டிக்கொண்டு லாரிக்கு அந்தப் பக்கம் போனாள். அங்கே டிரைவர் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

வேலை முடிந்தது என்று வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் சங்கத்துத் தையல்காரி ஒருத்தி விடுவிடுவென்று வந்தாள். பாதை வளைவில் வெட்டாமல் பாக்கி நின்ற ஒரே மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். ரம்பத்தோடு போன ஆள் திகைத்து நின்றுவிட்டான்.

என்ன கூத்து இது என்று வியாபாரி கேட்க, திரும்பி வந்த பெரியக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ வீட்டுக்காரர் கையால வச்ச மரங்க. அவர் ஞாபகமா அவகிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். யார் வச்ச மரமோ அவங்க வீட்டு ஆள்தான் முதல் வெட்டு போடணும்னு எங்க சங்கத்துல வழக்கம். பேசின விலைன்னா மனசைக் கல்லாக்கிக்கிட்டு வெட்டியிருப்பா. நீங்க அதையும் குறைச்சிட்டீங்க."

"சரி, அந்த ஒண்ணு எனக்கு வேண்டாம். அவளே வச்சுக்கட்டும். வண்டிய எடுப்பா."

டிரைவர் தலையைச் சொறிந்தான். "வரும்போது காலி வண்டிங்க ஐயா. இப்ப கட்டை பின்னால எவ்வளவு நீட்டிக்கிட்டிருக்கு பாருங்க. அந்த மரம் நின்னா வண்டி திரும்பாது." மத்தியானத்துக்கு மேல் தனக்கு வேறு லோடு இருப்பதாகவும், நேரமானால் காத்திருப்புக் கூலி தனி என்றும் சேர்த்துச் சொன்னான்.

உள்ளூர் லாரி என்றால் வாடகை குறையும் என்று அவனைப் பிடித்து வந்ததே இவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

"இந்தாம்மா, அழாதே. மரம்தானே?"

அவள் முகத்தைத் திருப்பவில்லை. பட்டையில் கன்னத்தை வைத்தபடியே சொன்னாள்: "உங்களுக்கு மரம். அவருக்குச் சட்டைக்கு அளவெடுத்த கைங்க இது. கட்டிக்கிட்டா அதே அளவு. மார்பு, முதுகு எல்லாம் அப்படியே இருக்கு."

வியாபாரிக்குத் தன் அக்கா ஞாபகம் வந்தது. அத்தான் இறந்த பிறகும் அவள் அவருடைய சட்டை ஒன்றை அலமாரியில் மாட்டியே வைத்திருக்கிறாள். அதை எடுத்துப் போடச் சொல்லி ஒரு முறை இவர் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் மறக்கவில்லை.

சுற்றிலும் பார்த்தார். பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள். டிரைவர்கூட லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது.

"சரிம்மா. பேசின விலையே தர்றேன். யார் வயித்தெரிச்சலும் எனக்கு வேண்டாம்" என்று மடியிலிருந்து பணத்தை எடுத்துப் பெரியக்காவின் கையில் குறைவில்லாமல் வைத்தார். தையல்காரி மெல்ல மரத்தை விட்டு விலகினாள்.

ரம்பம் வைத்திருந்தவன் முன்னே வந்தான். டிரைவர் கையைக் காட்டி அவனைத் தடுத்தான். "பொறுப்பா. பார்த்தா மனசு கேக்கல. ஒரு தடவை ஸ்டியரிங்கை ஒடிச்சுப் பார்க்கறேன்."

வியாபாரி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது, வளைந்தது. ஓர் இலைகூட உரசாமல் ஒரே திருப்பில் ரோட்டுக்கு வந்துவிட்டது.

'இவ்வளவு இடமா இருந்தது?' என்று அவர் யோசிப்பதற்குள் டிரைவர் பிரேக்கை மிதித்தான். தையல்காரி மூச்சிரைக்க ஓடி வந்து, அவன் பக்கத்து ஜன்னல் வழியாக ஒரு டிபன் கேரியரை நீட்டினாள்.

"பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுங்க. புதுக் கடையில முதல் சட்டை உங்களுக்குத்தான். ஆனா அளவு மறுபடி எடுக்கணும். அந்த மரம் உங்களைவிட ஒரு சுத்து இளைச்சு இருக்கு."